சுடுகாட்டு மல்லிக்கு இன்னொரு பெயர்

(வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர் அதன் பக்கவிளைவுகளைத் தாங்குவதற்கு, அதே வழியில் முன்னே நடந்தவர்கள் எவ்வாறு துணையாகிறார்கள் என்பது பற்றிப் பேச விரும்புகிறேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று அழைப்பிதழைப் பார்த்த ஓர் அன்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு செடியிலிருந்து தொடங்குகிறேன்.

வேலியோரத்திலும் இடுகாட்டு மேட்டிலும் யாரும் நீரூற்றாமலே பூத்துக் கிடக்கும் அந்த ஐந்திதழ்ப் பூவை நாம் எல்லோரும் அறிவோம். ஒருவர் அதனை நித்தியகல்யாணி என்பார். அடுத்த தெருக்காரர் சுடுகாட்டு மல்லி என்பார். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி அது. நீரிழிவுக்கு உதவுமா என்று கனடாவில் அதன் இலைச்சாற்றைச் சோதித்தவர்கள், இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்துபோவதைக் கண்டார்கள். அதிலிருந்து 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து வெளிப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டினும் வந்து சேர்ந்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்துக் கூட்டில் வின்கிரிஸ்டின் இன்றும் இருக்கிறது. நம் தென்மாவட்டங்களில் இச்செடியைப் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்திருக்கிறார்கள். இரண்டு பெயர்களுமே பொய்யல்ல என்பதுதான் என்னை வியக்க வைப்பது. உயிர் காக்கும் அதே மருந்து, விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் ஒரு சிறுவன் அழுவான்.

விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவதே இம்மருந்துகளில் பெரும்பாலானவற்றின் வேலை. மயிர்க்கால்கள், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மச்சை ஆகியவையும் விரைந்து பெருகுபவையே. ஆதலால் அவையும் அடிபடுகின்றன. மருத்துவர் தரும் தாளில் இவ்வளவும் இருக்கும். ஆனால் 'முடி உதிரும்' என்ற இரண்டு சொற்களுக்கும் நடக்கப்போவதற்கும் இடையே பெருந்தொலைவு. இரண்டாம் வாரம் முடிகிற வேளையில் தலைத்தோல் முதலில் வலிக்கும், தலையணையில் தலை வைக்க முடியாது, அதன்பிறகே கொத்துக் கொத்தாக வரும் என்பதைத் தாள் சொல்லாது. அதைச் சொன்னவர் என் அடுத்த நாற்காலியில் நான்காம் முறையாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காள். முதல் தவணையின் மாலையில் சிறுநீர் சிவந்து போனதைக் கண்டு நான் நடுங்கி நின்றபோதும் அவர்தான், "பயப்படாதே தங்கச்சி, அது மருந்தோட நிறம். ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்" என்றார். டாக்சோரூபிசின் என்ற அந்த மருந்தே செந்நிறம் உடையது. செவிலியர் சொல்லியிருக்கக்கூடும், என் காதில் விழுந்தது அக்காள் சொன்னதுதான்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் முதலில் மூடநம்பிக்கை என்றே எண்ணினேன். மருந்து ஏற்றும் நாளில் உனக்கு மிகவும் பிடித்த பண்டத்தைத் தொடாதே, பிறகு ஆயுளுக்கும் அதை வெறுப்பாய் என்றார். இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதையே ஆராய்ந்து 1978இல் வெளியிட்டிருக்கிறார் என்பதைப் பின்னரே படித்தேன். மருந்துக்கு முன் புதுச்சுவையுடைய ஐஸ்கிரீம் தரப்பட்ட குழந்தைகள், பின்னொரு நாளில் அதைத் தீண்ட மறுத்தார்கள். குமட்டலையும் சுவையையும் உடல் முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதே முடிச்சினால்தான் சிலருக்கு மருத்துவமனை வாசலின் மணத்திலேயே வாந்தி வருகிறது. 1990களில் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் பரவிய பிறகு வாந்தி பெருமளவு அடங்கியது. குமட்டல் அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. தாளிக்கும் வாசனை எட்டாத அறையில் உட்கார். சோற்றை ஆறவிட்டு உண், ஆறிய உணவுக்கு மணம் குறைவு. நாக்கில் இரும்புச் சுவை தட்டினால் எவர்சில்வர் கரண்டியை விட்டு மரக்கரண்டியை எடு. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சோடா உப்பும் கரைத்த நீரில் கொப்பளி. இவையெல்லாம் சமையலறைக் குறிப்புகள்போல் தோன்றும். எட்டுத் தவணைகளை நான் இவற்றைப் பற்றிக்கொண்டுதான் கடந்தேன்.

முடியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். நம் நாட்டில் பெண்ணின் மழித்த தலை வெறும் தலையன்று. பழனியிலும் திருப்பதியிலும் அது நேர்த்திக்கடன். ஒரு காலத்துக் குடும்பங்களில் அது கைம்மையின் முத்திரை. ஆகவே, "யாராவது கேட்டால் முடியிறக்கிவிட்டு வந்தேன் என்று சொல்லிவிடு" என்பது பெண்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் உபாயம். இது ஒளிவா, கவசமா? இந்த இடத்தில் அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் நினைவுக்கு வருகிறார். மார்பக அறுவை செய்துகொண்ட டெரிஸ் லாசர் என்பவர் 1952இல் தொடங்கிய 'ரீச் டு ரெக்கவரி' என்ற இயக்கம், நலம் பெற்ற பெண்களை நோயுற்ற பெண்களிடம் அனுப்பியது. தோழமை உதவியின் முன்னோடி என்றே அதனைச் சொல்லலாம். 1978இல் லார்டின் மார்பகம் அகற்றப்பட்டபோது, அவ்வாறு ஒரு பெண் கம்பளிப் பஞ்சு மார்பகத்துடன் வந்தார். லார்ட் அதை அணிய மறுத்தார். பிறகு மருத்துவரிடம் சென்றபோது, அதை அணியாமல் வருவது மற்ற நோயாளிகளின் மனவுறுதியைக் குலைக்கும் என்று அங்கிருந்த செவிலி கடிந்துகொண்டதையும் 1980இல் வெளிவந்த தமது புற்றுநோய்க் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். ஒளிந்துகொண்டால் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுகொள்வது என்பது அவர் வாதம். நான் லார்ட் பக்கம். எனினும் மாமியார் வீட்டில் வாழும் ஒரு மருமகளிடம் போய் அந்த வீரத்தைக் கேட்கும் உரிமை எனக்கில்லை. பழனி என்று சொல்லிவிட்டு அவள் நிம்மதியாக உறங்குவாளானால் உறங்கட்டும்.

தோழமை ஆயுளை நீட்டுமா என்ற கேள்வி எப்போதும் எழும். டேவிட் ஸ்பீகல் என்னும் மனநல மருத்துவர், பரவிவிட்ட மார்பகப் புற்று உடைய 86 பெண்களை ஆராய்ந்து 1989இல் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. வாரந்தோறும் குழுவாகக் கூடியோர் சராசரி 36.6 மாதமும், கூடாதோர் 18.9 மாதமும் வாழ்ந்தனர் என்றது அது. 2001இல் கனடாவில் 235 பெண்களிடம் அதையே மீண்டும் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. ஆனால் துயரமும் வலியுணர்வும் குறைந்தன. 2007இல் ஸ்பீகலே நடத்திய மறுசோதனையிலும் மொத்தத்தில் பார்த்தால் ஆயுள் நீளவில்லை. முதல் கட்டுரையை மட்டும் மேற்கோள் காட்டி நம்பிக்கை விற்போர் இன்னும் இருக்கிறார்கள். இது அறமாகாது, நோய் முற்றியவர், 'நான் சரியாகக் கூடிப் பேசவில்லை போலும்' என்று தன்னையே நொந்துகொள்ள வழி செய்துவிடும். வலி குறைந்தது என்பது சிறிய செய்தியா என்ன?

தோழமைக்கும் எல்லை உண்டு. முள்சீத்தா இலைக் கஷாயம் புற்றைக் கரைக்கும் என்ற செய்தி கைக்குக் கை போகிறது; மனிதரிடம் நடத்திய சோதனைகளால் நிறுவப்படாத செய்தி அது. அதைவிடக் கொடியது காய்ச்சலைப் பற்றிய அறிவுரை. மருந்தேற்றி ஒன்று இரண்டு வாரங்களில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். 'எனக்கும் இப்படித்தான் இருந்தது, ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும்' என்று அன்பினால் சொல்லப்படும் சொல் ஆளைக் கொன்றுவிடும். 'இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது, இப்போதே புறப்படு' என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல துணை.

பின் நான்கு தவணைகளில் ஏற்றிய பாக்லிடாக்சல் என் விரல்களை மரக்கச் செய்தது. பேனா எப்போது நழுவுகிறது என்றே தெரியாது. எழுதியதை அக்காளிடம் படித்துக் காட்டுவேன். கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதென்று சிரிப்பார். தடித்த பேனாவில் நூலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளச் சொன்னதும் அவரே. எனக்கு அந்த மரப்பு ஓராண்டில் பெரும்பாலும் நீங்கியது, எல்லோருக்கும் நீங்குவதில்லை.

அவருடைய நோய் ஈரலுக்குப் பரவி, நான் முடித்த இரண்டாம் ஆண்டில் அவர் காலமானார். இப்போது புதிதாக வரும் பெண்களுக்கு நூல் சுற்றிய பேனாவை நான் காட்டும்போது, இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்கள். எங்கள் குழுவில் இது பற்றி இரு கருத்து உண்டு. முதல் தவணைக்கு முன்னே சாவைச் சொல்லாதே என்பர் சிலர். கேட்டவரிடம் நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நூலை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கிறார்கள்.