வயோலாவை யார் எடுப்பது?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலின் காலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, இந்த வருஷம் தொழில் வாழ்க்கை பத்தி நீ பேசுற" என்று உத்தரவு போட்டுவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ட்ரோல் பேனல். ரிலே, கான்டாக்டர் என்று இருபது நிமிஷம் பேசினால் பின்வரிசை மாணவர்கள் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள். நானும் அந்த வரிசையில் இருந்து அப்படிக் கிளம்பியவன்தான். ஆகவே சம்பந்தமே இல்லாத ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். மேல்நாட்டு சாஸ்திரீய சங்கீதத்தில் நாலு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து காலம் தள்ளுவது எப்படி என்பதுதான் அது. போகப் போக சம்பந்தம் தானாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018ல் கம்பெனி என்னை ஒரு ப்ராஜெக்டுக்காக லண்டன் அனுப்பியது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் துணி துவைப்பது, ஊருக்குப் போன் போடுவது, சாம்பார் வைப்பது, அவ்வளவுதான் என் வாழ்க்கை. கூட வேலை பார்த்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர், நான் சின்ன வயதில் வயலின் கற்றவன் என்று தெரிந்ததும், விக்மோர் ஹால் என்ற அரங்கத்துக்குக் கூட்டிப் போனார். (என் வயலின் வர்ணத்தோடு நின்றுபோனது என்பதை அவரிடம் சொல்லவில்லை.) 1901ல் திறந்த அரங்கம். சுமார் 550 பேர் உட்காரலாம். ஞாயிறு காலைக் கச்சேரி முடிந்ததும் காபியோ ஷெர்ரியோ தருவார்கள். நான் காபிதான் குடித்தேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். என் மாமனாரும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவர், முன்வரிசையில் இருக்கிறார்.

அன்று மேடையில் நாலே பேர். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. இதை ஸ்ட்ரிங் குவார்டெட் என்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் உருக்கொடுத்த வடிவம். வயோலா என்பது வயலினுக்கு அண்ணன் மாதிரி. உருவம் கொஞ்சம் பெரிசு, குரல் கனம். கைத்தடி பிடித்து நடத்துகிற கண்டக்டர் இதில் கிடையாது. பக்கவாத்தியம் என்றும் யாரும் கிடையாது. நம்ம கச்சேரியில் பாடகரும் மிருதங்கக்காரரும் மேடையில்தான் முதல்முறையாகச் சந்தித்தார்கள் என்றால்கூட கச்சேரி ஜோராக நடந்துவிடும். இங்கே அப்படி இல்லை. ஒரே உருப்படியை மாதக்கணக்கில் உட்கார்ந்து, வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்பதுவரை சண்டை போட்டுத்தான் மேடைக்கு வருகிறார்கள்.

எனக்கு அன்று சங்கீதத்தைவிட வேறொரு சந்தேகம் அரித்தது. இவர்களுக்குச் சோறு எப்படி நடக்கிறது? தனி வித்வான் என்றால் சன்மானம் முழுசாக அவருக்கு. ஆர்க்கெஸ்ட்ரா என்றால் பல இடங்களில் மாசச் சம்பளம். குவார்டெட்டில் வரும் பணத்தில் ஏஜெண்டுக்கு ஒரு பங்கு போக, மிச்சத்தை நாலாகப் பிரிக்கணும். இதில் செல்லோவைப் பெட்டிகளோடு சரக்காகப் போட மனசு வராது. அதற்கும் விமானத்தில் ஒரு சீட் எடுக்க வேண்டும். நாலு பேர் பிரயாணம், அஞ்சு டிக்கெட்! ஆகவே பல குழுக்கள் ஏதாவது ஒரு கல்லூரியில் ஒட்டிக்கொண்டு, பாடம் சொல்லிக்கொடுத்துத்தான் காலம் தள்ளுகின்றன. நியூயார்க் ஜூலியார்டு பள்ளியில் 1946ல் தொடங்கிய குவார்டெட் அப்படி வளர்ந்ததுதான். இவ்வளவு கஷ்டப்பட்டு ஏன் நாலு பேராகச் சேருகிறார்கள் என்று கேட்டால், பீத்தோவன் எழுதிய 16 குவார்டெட்டுகளை ஒருவர் தனியாக வாசிக்க முடியாது என்பதுதான் பதில்.

அந்த வெள்ளைக்காரர்தான் எனக்கு அமாடியஸ் குவார்டெட் பற்றிச் சொன்னார். நான் பிறப்பதற்கு முன்பே அது முடிந்துபோயிற்று. பிறகு அவர்களின் ரெக்கார்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன், கிடைத்ததை எல்லாம் படித்தேன்.

1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைச் சேர்த்துக்கொண்டதும் அங்கிருந்த யூதக் குடும்பங்கள் ஓட வேண்டியதாயிற்று. நார்பர்ட் பிரெய்னின், சிக்மண்ட் நிஸ்ஸல், பீட்டர் ஷிட்லாஃப் மூன்று பேரும் நம்ம முதலாண்டு மாணவர்களைவிடச் சின்னப் பையன்களாக, அகதிகளாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். 1940ல் இங்கிலாந்து அரசு, ஜெர்மன் பேசுகிறவர்கள் எல்லாரும் எதிரி நாட்டார் என்று பிடித்து முகாமில் போட்டது. ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவனையே ஹிட்லர் ஆள் என்று அடைத்த கூத்து! அந்த முகாமில்தான் பிரெய்னினும் ஷிட்லாஃபும் சந்தித்தார்கள். பிரெய்னின் சில மாதங்களில் விடுதலையானார். உள்ளேயே இருந்த ஷிட்லாஃப் அங்கே நிஸ்ஸலைச் சந்தித்தார். வெளியே வந்ததும் மூவருக்கும் மாக்ஸ் ரோஸ்டால் என்ற பெரிய வயலின் ஆசிரியர் ஒரு காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் மூலமாகவே மார்ட்டின் லவெட் என்ற லண்டன் செல்லோக்காரர் நாலாவதாக வந்து சேர்ந்தார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். செல்லோ கிடைத்துவிட்டது. மிச்ச மூன்று பேரும் ஒரே குருவிடம் கற்ற வயலின் வித்வான்கள். குவார்டெட்டுக்கு வேண்டியதோ இரண்டு வயலின்; அதிலும் ஒன்றுதான் முதல் வயலின். யாராவது ஒருவர் இரண்டாம் வயலினுக்கு நகர வேண்டும். இன்னொருவர், அத்தனை வருஷம் விரல் தேய்ந்த வயலினையே கீழே வைத்துவிட்டு வயோலாவை எடுக்க வேண்டும். மேல்நாட்டு சங்கீதக்காரர்களிடையே வயோலாக்காரரைக் கிண்டல் பண்ணுகிற துணுக்குகள் ஏராளம். நம்ம ஹாஸ்டலில் சிவில்காரனை மெக்கானிக்கல்காரன் ஓட்டுகிற மாதிரி. அதிலிருந்தே அந்த நாற்காலிக்கு இருந்த மதிப்பை ஊகித்துக்கொள்ளலாம். பிரெய்னின் முதல் வயலினில் உட்கார்ந்தார். நிஸ்ஸல் இரண்டாம் வயலின். வயோலாவை எடுத்தவர் ஷிட்லாஃப்.

1947ல் பிரெய்னின் குவார்டெட் என்று தொடங்கினார்கள். ஒருவர் பேரில் நாலு பேர்! மறு வருஷம் மொஸார்ட்டின் நடுப்பெயரை எடுத்து அமாடியஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். 1948 ஜனவரி 10ஆம் தேதி அந்தப் புதுப் பெயரில் முதல் கச்சேரி, நான் காபி குடித்தேன் என்று சொன்னேனே, அதே விக்மோர் ஹாலில். அரங்க வாடகைக்குப் பொறுப்பேற்றுக்கொண்டவர் இமோஜன் ஹோல்ஸ்ட் என்ற அம்மையார். கஸ்டவ் ஹோல்ஸ்ட் என்ற பெரிய இசையமைப்பாளரின் மகள். அதன் பிறகு உலகமெல்லாம் சுற்றினார்கள், மலை மலையாக ரெக்கார்டு கொடுத்தார்கள். பெஞ்சமின் பிரிட்டன் தம்முடைய மூன்றாவது குவார்டெட்டை எழுதிவிட்டு 1976 டிசம்பர் 4ஆம் தேதி காலமானார். அதை அரங்கேற்றம் செய்தவர்கள் இவர்கள்தான், அதே டிசம்பர் 19ஆம் தேதி.

இரண்டாம் வயலின்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம ஊரில் "ஒத்து ஊதுகிறவன்" என்றால் ஏளனம். ஒத்து நின்றுபோனால் நாயனம் எந்தச் சுதியில் நிற்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. நிஸ்ஸல் ஏறக்குறைய 40 வருஷம் அந்த இடத்தில் உட்கார்ந்தார். குழுவின் நிர்வாகக் காரியங்களைக் கவனித்துக்கொண்டவரும் அவரே. மேடையில் பூமாலை எல்லோருக்கும் ஒன்றாக விழும். ரயில் டிக்கெட்டும் கணக்கு நோட்டும் ஒருவர் கையில்தான்.

இந்த நாற்காலிப் பிரச்சினைக்கு எஞ்சினியர் பாணியில் தீர்வு கண்டவர்களும் உண்டு. 1976ல் அமெரிக்காவில் தொடங்கிய எமர்சன் குவார்டெட்டில் யூஜின் ட்ரக்கர், பிலிப் செட்ஸர் என்று இரண்டு வயலின்காரர்கள். ஒரு உருப்படிக்கு இவர் முதல், அடுத்ததற்கு அவர் முதல் என்று மாற்றிக்கொண்டே 2023 வரை ஓட்டிவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வயோலாவை அப்படி மாற்றிக்கொள்ள முடியாதே. 1964ல் உருவான குவார்னெரி குவார்டெட்டிலும் இதே கதை: மூன்று பேர் வயலின்காரர்கள், மைக்கேல் ட்ரீ வயோலாவுக்குப் போனார். 2001ல் அவர்களின் செல்லோக்காரர் டேவிட் சோயர் விலகியபோது, அவருடைய மாணவர் பீட்டர் வைலியே அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். 2009ல் எல்லோருமாக முடித்துக்கொண்டார்கள்.

அமாடியஸ்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. 1987 ஆகஸ்டில் ஷிட்லாஃப் இறந்தார். தொடங்கிய நாளிலிருந்து ஓர் ஆள்கூட மாறாத குழு. உலகத்தில் வயோலாக்காரருக்குப் பஞ்சமில்லை. கூப்பிட்டால் ஓடி வந்திருப்பார்கள். ஆனால் மிச்ச மூவரும் அவர் இடத்துக்கு யாரும் இல்லை என்று சொல்லி, குவார்டெட்டை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். பிறகு பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பிரெய்னின் 2005லும், நிஸ்ஸல் 2008லும், லவெட் 2020லும் போய்ச் சேர்ந்தார்கள். ஷிட்லாஃப் வாசித்தது 1719ல் ஸ்ட்ராடிவாரி செய்த வயோலா. 2014ல் அதை 450 லட்சம் டாலருக்குக் குறையாமல் விற்பது என்று ஏலக் கம்பெனி விளம்பரம் செய்தது. அந்த விலைக்கு எடுக்க ஆள் வரவில்லை.

மாணவர்களுக்கு ஒரு ஆராய்ச்சியும் சொல்கிறேன். மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். கீத் மர்னிகன், டொனால்ட் கான்லன் என்ற இருவர் பிரிட்டனில் 20 குவார்டெட்டுகளை ஆராய்ந்து 1991ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் வயலின்தான் தலைமை, ஆனால் நாலு பேரும் சமம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும். நன்றாக ஓடிய குழுக்கள் இந்த முரண்பாட்டை நாள்தோறும் கிளறிக்கொண்டிருக்கவில்லை, தெரிந்தே விட்டுவிட்டு வாசிப்பில் இறங்கினார்கள் என்பது அவர்கள் கண்டது. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நாங்கள் கிளறினோம்.

நாங்கள் என்றால், இதே கல்லூரி, ஒரே ஹாஸ்டல் வராந்தா, நாலு பேர். 2012ல் ஒரு மாடிப்படிக்குக் கீழே அறை எடுத்து, ஸ்பின்னிங் மில்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்துகொடுக்கும் கம்பெனி ஆரம்பித்தோம். ஒருவன் டிசைனில் புலி. ஒருவன் மில்லுக்குள் போனால் மிஷின் ஓடாமல் வெளியே வரமாட்டான். ஒருவன் வாயாலேயே ஆர்டர் பிடிப்பான். எனக்கும் டிசைன்தான் ஆசை. ஆனால் பில் போடுவது, வசூலுக்கு நடப்பது, வாட் கணக்கு, பேங்க், இதை எல்லாம் யார் பார்ப்பது? "கொஞ்ச நாள் நீ பாருடா, உனக்குத்தான் பொறுமை" என்றார்கள். பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிட, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது சரி. நான் எஞ்சினியரா, கணக்குப்பிள்ளையா என்று வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து. முறைபோட்டுப் பார்க்கலாம் என்றும் முயன்றோம். ஒருவன் போட்ட பில்லை இன்னொருவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. 2014ல் எனக்கு நல்ல சம்பளத்தில் வேலை வந்தது. ஒரு வாரம்கூட அவகாசம் கொடுக்காமல் கிளம்பிவிட்டேன். கணக்கு நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன், யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை. வர வேண்டிய பணம் எங்கெங்கே எவ்வளவு என்பது என் தலையில் மட்டும்தான் இருந்தது. ஆறு மாதத்தில் கம்பெனியை மூடினார்கள்.

இத்தனை வருஷமாக, மட்டமான வேலையை என் தலையில் கட்டினார்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன், வீட்டிலும் சேர்த்து. ஷிட்லாஃப் கதையைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த மூவரில் ஒருவன் இன்று வந்திருக்கிறான். அதோ, இடது பக்கம், ஃபேனுக்குக் கீழே. வருவான் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மரியாதையாக ரிலே பற்றியே பேசியிருப்பேன். செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார், இலை போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. எனக்கு அவன் பக்கத்து இலையில் இடம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவன் எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.