நெடும்போட்டியும் நம் இளைஞரும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நம் பெரியோர் பிழைப்பு நாடிப் புனேவுக்கு வந்த நாளில் மிதிவண்டியே இந்நகரின் ஊர்தி. இன்று அதே மிதிவண்டி நம் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கருவியாகியுள்ளது. விடியுமுன் சிங்ககட் சாலையிலும் காத்ரஜ் மலைப்பாதையிலும் விரையும் இளைஞரிடையே நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகளும் உளர். அவர்கள் மனத்தில் நிற்பது டிரையத்லான் என்னும் முப்போட்டி. அதிலும் நெடுந்தொலைவுப் போட்டி. "பள்ளியிறுதித் தேர்வு வரும் வேளையில் இஃது என்ன வேண்டாத வேலை?" என்று பெற்றோர் கேட்கின்றனர். "பதினெட்டு நிறைந்த உடனே போட்டியில் இறங்க வேண்டும்" என்று பிள்ளைகள் துடிக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று சில சொற்கள் கூற விழைகிறோம்.

ஹவாய்த் தீவுகளில், நீந்துவோர், மிதிவண்டி ஓட்டுவோர், ஓடுவோர் ஆகிய மூவரில் உடலுரம் மிக்கவர் யார் என்ற வழக்கு எழுந்தது. அதைத் தீர்க்க 1978ஆம் ஆண்டு ஒரு போட்டி நடந்தது. பதினைவர் புறப்பட்டனர், பன்னிருவர் முடித்தனர். அதுவே அயர்ன்மேன் எனப் பெயர் பெற்றது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம்; மூன்றையும் இடைவிடாமல் ஒரே நாளில் முடித்தல் வேண்டும். இதில் பாதித் தொலைவுடைய போட்டி 2019ஆம் ஆண்டு கோவாவில் முதன்முதலாக நடைபெற்றது. நம் பிள்ளைகளின் கனவுக்குக் கோவா இவ்வளவு அருகில் வந்ததும் அப்போதுதான். ஆயினும் பதினெட்டு நிறையாதோர்க்கு அப்போட்டியில் இடமில்லை. இவ்விதியை இளைஞர் தடையெனக் கருதுகின்றனர். நாமோ அதனைக் கொடையென்றே கருதுகிறோம்.

ஏன் என்று விளக்குவோம். பதினான்கு முதல் பதினெட்டு வரையுள்ள ஆண்டுகளில் எலும்பு நீள்கிறது. தசைநார்கள் அதன் விரைவுக்கு ஈடுகொடுக்க இயலாமல் இழுபடுகின்றன. முழங்காலுக்குக் கீழே வலி என்று ஓடும் சிறுவன் சொன்னால் அது சோம்பல் அன்று. வளரும் எலும்பின் முறையீடு. சிகாகோ நகரில் 2010 முதல் 2013 வரை விளையாட்டுப் பயிற்சியில் ஈடுபட்ட ஏறத்தாழ 1,200 சிறாரையும் இளைஞரையும் மருத்துவர்கள் ஆராய்ந்தனர். தம் வயதின் எண்ணிக்கையைக் காட்டிலும் மிகுதியான மணி நேரம் வாரந்தோறும் பயின்றவர்க்குக் கடுமையான காயங்கள் மிகுந்திருக்கக் கண்டனர். பதினாறு வயதினர்க்கு வாரம் பதினாறு மணி என்பது எல்லையே அன்றி இலக்கு அன்று. பள்ளியும் தனிப்பயிற்சி வகுப்பும் உள்ள பிள்ளைக்கு அதில் பாதியே போதும்; வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வும் வேண்டும்.

அடுத்தது உறக்கம். இவ்வயதினர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. நள்ளிரவு வரை பாடம், நான்கு மணிக்கு நீச்சல் என்னும் ஏற்பாடு தேர்வையும் கெடுக்கும், உடலையும் கெடுக்கும். இரண்டில் ஒன்றைச் சுருக்க வேண்டுமெனில் தேர்வுக் காலத்தில் பயிற்சியைச் சுருக்குக. சில வாரங்கள் குறைத்தால் அடித்தளம் சரிந்துவிடாது.

உணவைப் பற்றித் தாய்மார்க்கு ஒரு சொல். உடலில் சேர்ந்துள்ள மாவுச்சத்து இரண்டு மணி நேரக் கடும் உழைப்பில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நீண்ட பயிற்சியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை உண்ண வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. வெறுந்தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் தீங்கு. குருதியில் உப்புக் குறைந்தால் உயிருக்கே ஊறு நேரும். உப்பிட்ட மோரை நம் வீடுகள் மறக்க வேண்டா. உடல் மெலிந்தால் விரைவு கூடும் என்று பெண்பிள்ளை உணவைக் குறைத்து, மாதவிலக்கும் நின்றுவிடுமாயின், உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அது வெட்கப்படும் செய்தியன்று. எலும்பு நலிவதற்கான எச்சரிக்கை.

யாவற்றினும் அஞ்சத்தக்கது தண்ணீர். முப்போட்டியில் நீச்சலை முதலில் வைத்திருப்பதே, களைத்த உடலோடு எவரும் நீரில் இறங்கலாகாது என்பதற்காகத்தான். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. கடக்வாசலா நீர்த்தேக்கம் அருகில் உள்ளது என்பதற்காகத் துணையின்றி அதில் இறங்குவது துணிவு ஆகாது.

"குற்றாலீஸ்வரன் பன்னிரண்டு வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கவில்லையா?" என்று இளைஞர் வினவலாம். கடந்தார், 1994ஆம் ஆண்டு அவர் செய்த அருஞ்செயலால் தமிழ்நாடு பெருமை கொண்டது. ஆயினும் அக்கால்வாயை நீந்துவோர் எவரும் தனியே நீந்துவதில்லை. காவற்படகு உடன் செல்லும். நீரில் கைகள் உழைக்க, உடலைத் தண்ணீர் தாங்குகிறது. தார்ச்சாலையில் 21 கிலோமீட்டர் ஓடும்போதோ ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் வளரும் எலும்பே தாங்க வேண்டும்.

விரைந்து முடிக்காவிடில் வாய்ப்புப் போய்விடும் என்னும் அச்சமும் வேண்டா. மிலிந்த் சோமன் 2015ஆம் ஆண்டு சூரிச்சில் முழுத் தொலைவை முடித்தபோது ஐம்பதை நெருங்கியிருந்தார். ஜப்பானியரான ஹிரோமு இனாடா 2018ஆம் ஆண்டு ஹவாயில் அதனை முடித்தபோது அவருக்கு வயது 85. இவ்விளையாட்டு முதுமை வரை காத்திருக்கும். முழங்கால் ஒருமுறை கெட்டால் காத்திராது.

ஆகவே இளைஞர்களே, பதினெட்டுக்கு முன் தொலைவைத் தேடாதீர், திறத்தைத் தேடுங்கள். செம்மையாக மூச்செடுத்து நீந்துதல், வளைவில் வண்டியை அடக்குதல், வண்டியிலிருந்து இறங்கிய உடனே கனக்கும் கால்களோடு சிறிது தூரம் ஓடிப் பழகுதல் ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் கொண்ட குறும்போட்டியே இவ்வயதுக்கு நிறைவான இலக்கு.

பெற்றோர்களே, தடுக்காதீர்; துரத்தவும் செய்யாதீர். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது மெய்யே. ஆனால் முளையைப் பிடித்து இழுத்தால் பயிர் வளராது.

சங்கத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பரிசும் பொன்னாடையும் வழங்குகிறோம். அவற்றோடு நீச்சல் தெரிந்த பெரியவர் இருவரை ஞாயிறு தோறும் குளக்கரைக்கு அனுப்புவோமாக; விடியற்காலைச் சாலையில் பிள்ளைகள் தனித்துச் செல்லாது குழுவாகச் செல்ல வழி செய்வோமாக. அயலூரில் வாழும் நமக்குச் சங்கம் என்பதன் பொருளே உடன் நிற்பதுதான். பிள்ளைகள் போட்டியை முடிக்கும் நாளில் மாலையிடுவது எளிது. முடிக்காத நாள்களில் கரையில் நிற்பதே கடமை.

வாழ்க இளைஞர்! வளர்க நம் சங்கம்!