கழிவுநீரும் கழனியும்



புகழனைத்தும் இறைவனுக்கே உரியது. உளூச் செய்யும் முன் நீரின் நிறம், மணம், சுவை ஆகிய மூன்றையும் கவனிக்குமாறு மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்துள்ளது. ஆனால் நாம் பயன்படுத்திய நீர் பின்னர் எங்கே செல்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அது சாக்கடையில் கலந்து, நகர எல்லையைத் தாண்டி, ஓர் ஏழை விவசாயியின் வயலில் பாய்கிறது. பிறகு கீரையாகவும் பாலாகவும் நம் இல்லத்திற்கே திரும்பி வருகிறது.

ஹைதராபாத் நகரின் நடுவே ஓடும் மூசி நதியைப் பாருங்கள். 1908ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பின் நகருக்கு மேலே உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) கட்டப்பட்டன. நகரைக் கடந்த பின் கோடைக்காலத்தில் அந்நதியில் பல பத்தாண்டுகளாக ஓடி வருவது பெரும்பாலும் கழிவுநீரே. நகரை ஒட்டிய வயல்களில் கறவை எருமைகளுக்கான தீவனப்புல்லும் கீரைகளும், சற்றுத் தொலைவில் நெல்லும் அந்நீரால் விளைகின்றன.

இதற்காக விவசாயியைப் பழிப்பது நீதியாகாது. மழை பொய்த்தாலும் பொய்க்காத நீர் அவருக்கு அது ஒன்றுதான். அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் உரச்செலவைக் குறைக்கின்றன. ஆனால் அதே நீர் மண்ணில் உப்பைச் சேர்க்கிறது. தழைச்சத்து மிகுந்தால் நெற்பயிர் செழித்துச் சாய்ந்து, மணி பிடிக்காமல் போகிறது. சுத்திகரிக்கப்படாத நீரில் உழைக்கும் குடும்பங்களுக்குக் கொக்கிப்புழுத் தொற்று அதிகம் என்று மூசிக் கரையில் நடந்த ஆய்வு காட்டியது. நகரங்களின் கழிவுநீரைப் பெரிதும் சார்ந்த பாசன நிலம் உலகில் ஏறத்தாழ 3.6 கோடி ஹெக்டேர் என 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

சகோதரர்களே! நம் முன்னோர்களான சட்ட அறிஞர்கள் இதைப் பேசாமல் விடவில்லை. அசுத்த நீரில் விளைந்த பயிரைப் பெரும்பாலோர் அனுமதித்தனர். மேலே படிந்த அசுத்தத்தைக் கழுவ வேண்டும் என்றனர். ஹன்பலி மத்ஹபினரோ, தூய நீர் பாய்ச்சப்படும் வரை அதை உண்ணலாகாது என்றனர். அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே கழிவுநீர்ப் பாசனத்தை நிறுத்துங்கள், விளைபொருளை நன்கு கழுவுங்கள் என்பவை 2006ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்களிலும் இடம்பெற்றன.

1978இல் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர்கள் அவை, நிறமும் மணமும் சுவையும் மீளுமளவு முழுமையாகச் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் தூய்மையானதே என்று தீர்ப்பளித்தது. நிபுணர்களின் கருத்தைக் கேட்ட பின்னரே அத்தீர்ப்பு வழங்கப்பட்டது. உடலுக்குத் தீங்கு உண்டாகுமாயின் அந்நீரைத் தவிர்க்க வேண்டும் என்றும் அறிஞர்கள் கூறினர். இதில் பெரும் படிப்பினை உண்டு. கேட்மியம் போன்ற உலோகங்கள் நீரில் கரைந்திருந்தால் கண்ணுக்கோ மூக்குக்கோ நாவுக்கோ புலப்படுவதில்லை. அங்கே ஆய்வுக்கூடத்தின் சோதனையும் அவசியமாகிறது.

மூசி நதியிலேயே இறைவன் ஒரு சான்றை வைத்துள்ளான். பாசனத்திற்காகக் கட்டப்பட்ட அணைக்கட்டுகளில் நீர் தேங்கி நிற்கும்போது புழு முட்டைகள் அடியில் படிகின்றன. கீழே செல்லச் செல்ல நீரின் தரம் உயர்கிறது. மலக்கழிவை இவ்வாறு ஓரளவு தெளியவைக்கலாம். ஆலைகளின் உலோகமோ அழிவதில்லை. அந்த வண்டலிலும் வயல் மண்ணிலும் தங்கிவிடுகிறது. ஆகவே அதைத் தோன்றும் இடத்திலேயே தடுத்தாக வேண்டும்.

நீர்நிலைகளிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வதை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்தார்கள். பட்டறையும் சாயச்சாலையும் தோல் பதனிடும் தொழிலும் நடத்தும் சகோதரர்களே, இரவோடு இரவாகச் சாக்கடையில் திறந்துவிடும் கழிவும் இக்கண்டனத்திற்கு உரியதன்றோ? தொழுகைக்கு நிற்கும் ஆடை தூய்மையாக இருந்து, வருமானத்தின் வழி பிறர் வயலை நஞ்சாக்குமானால், நாம் இறைவனிடம் என்ன பதில் சொல்வோம்?

இல்லத்தில் இருப்போர் பழைய எண்ணெயையும் வண்ணப்பூச்சையும் மருந்தையும் சாக்கடையில் கொட்டாதிருப்போமாக. பள்ளிவாசல் நிர்வாகிகள் உளூ நீரைச் சாக்கடையில் சேர்க்காமல் தோட்டத்திற்குத் திருப்பட்டும். நிலம் வைத்திருப்போர் வயலில் இறங்கும் தொழிலாளிக்கு முழங்கால் காலணி வாங்கித் தரட்டும். ஊராட்சியிலும் நகராட்சியிலும் பொறுப்பில் இருப்போர் சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதோடு நில்லாமல், அது நாள்தோறும் இயங்குகிறதா என்று பார்க்கட்டும்.

ஒருவர் நட்ட பயிரிலிருந்து மனிதனோ பறவையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. அந்த நற்கூலிக்குரிய விவசாயியின் வயலை நம் கழிவால் கெடுக்காதிருக்கும் நல்லுணர்வை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.