குடிலைச் செதுக்கிய கைகள்

(திருக்காட்சிப் பெருவிழாவன்று வானொலியில் ஆற்றிய மறையுரை. நற்செய்தி: மத்தேயு 2:1-12)



இன்னும் சில நாள்களில் நம் குடிலைப் பிரித்து, சுரூபங்களைப் பெட்டிக்குள் வைத்துவிடுவோம். அதற்கு முன், ஆப்பிரிக்காவில் மரத்தில் செதுக்கப்பட்ட குடில் ஒன்றின் முன் சற்று நிற்போம்.

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழ்பவர்கள் யொருபா மக்கள். அங்கே ஓயே-எக்கிட்டி என்னும் ஊரில் 1947-ஆம் ஆண்டு ஆப்பிரிக்க மறைபரப்புச் சபைக் குருக்கள் ஒரு கைவினைப் பட்டறையைத் தொடங்கினார்கள். அதை நடத்தியவர்களுள் ஒருவர் தந்தை கெவின் கரோல். அவர் அந்த மண்ணின் மரச்சிற்பிகளையே அழைத்தார். அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் பண்டேலே. புகழ்பெற்ற சிற்பி அரேயோகுனின் மகன்.

இவர்கள் ஒரே மரத்துண்டை எடுத்து, முதலில் வாய்ச்சியால் உருவத்தைக் கொத்தி எடுப்பார்கள். பிறகு கண், காது, கை என்று பிரிப்பார்கள். அதன்பின் மழமழப்பாக்கி, கடைசியில் கத்திமுனையால் நுண்ணிய கோடுகளைக் கீறுவார்கள். மனிதனின் ஊழ் தலையில் இருக்கிறது என்பது யொருபா நம்பிக்கை. ஆகவே தலை எப்போதும் பெரிதாக இருக்கும்.

பிள்ளையை ஏந்திய தாய், முழந்தாளிட்ட பெண், குதிரைமேல் அரசன் ஆகிய உருவங்களை அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் செதுக்கி வந்தார்கள். இப்போது அதே கைகள் மரியாவையும் பாலனையும் செதுக்கின. ஞானிகள் யொருபா அரசர்களாகவே வந்து நின்றார்கள்.

எதிர்ப்பும் எழுந்தது. வேறு தெய்வங்களுக்குச் செதுக்கிய கை, ஆண்டவரைச் செதுக்கலாமா? அந்தப் பட்டறையில் பண்டேலேயிடம் தொழில் கற்றவர் லமிடி ஃபகேயே. அவர் இஸ்லாமியர். இபாதான் பல்கலைக்கழகக் கத்தோலிக்க ஆலயத்தின் கதவுகளைச் செதுக்கியவர் அவர்தான். 2009-ஆம் ஆண்டு அவர் இறந்த நாள் டிசம்பர் 25.

அன்பானவர்களே, இன்றைய நற்செய்தியைக் கவனிப்போம். ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. அவர்கள் பிற இனத்தார், விண்மீன் பார்ப்பவர்கள் என்பது மட்டும் தெளிவு. மறைநூலை நன்றாக அறிந்திருந்த எருசலேமின் அறிஞர்கள் பெத்லகேமுக்குப் புறப்படவில்லை. அந்நியர்கள் வந்தார்கள். அவர்கள் எந்தச் சமயத்தார் என்று மரியா வாசலில் நின்று கேட்டதாக நற்செய்தியில் இல்லை. வந்தார்கள், பணிந்தார்கள், கொண்டுவந்ததைக் கொடுத்தார்கள்.

நம் குடிலுக்குக் கீற்று வேய்ந்தவர் யார்? நட்சத்திரத்துக்கு மின்விளக்கு போட்டுக் கொடுத்தவர் யார்? பல ஊர்களில் அவர் நம் ஆலயத்துக்கு வருபவர் அல்லர். கூலி கொடுத்தோம், கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டோம். அவர் கட்டிய குடிலைக் குடும்பத்தோடு வந்து பார்க்கும்படி நாம் அழைத்தோமா? இந்தக் குற்றத்தில் குருக்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

குடிலைப் பிரிக்கும் முன் இந்த வாரம் அவரை அழைப்போம். அவருடைய பிள்ளைகளையும் வரச் சொல்வோம். போதனை எதுவும் வேண்டாம். பாலன் அருகே நிற்க இடம் விட்டால் போதும்.

எல்லா மக்களுக்கும் உம்மை வெளிப்படுத்திய ஆண்டவரே, உமக்காக உழைத்த எந்தக் கையையும் நாங்கள் வாசலோடு திருப்பி அனுப்பாதிருக்க வரம் தாரும். ஆமென்.