பளிங்கு ஊரும் ஒரு சாலையும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கல் அறுக்கும் இயந்திர வேலையாகப் போர்ச்சுகலில் சில வாரங்கள் இருந்தேன். "அங்கே என்னப்பா பார்த்தே, அதையே பேசு" என்று செயலாளர் மேடையேற்றிவிட்டார்.

ஊரின் பெயர் விலா விசோசா. ஸ்பெயின் எல்லைப் பக்கம், அலென்தேஜோ பகுதி. சுற்றுக் கிராமங்களையும் சேர்த்து நகராட்சியின் பரப்பு சுமார் 195 சதுர கிலோமீட்டர். மக்கள் 8 ஆயிரத்துக்கும் குறைவு. ஆனால் பிரகான்சா பிரபுக்களின் அரண்மனை இங்கேதான் இருக்கிறது. 1501-இல் தொடங்கிய கட்டடம். 110 மீட்டர் நீளத்துக்குப் பளிங்கு முகப்பு. 1640-இல் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை உதறி அரியணை ஏறிய நான்காம் ஜுவாங் இந்த வீட்டுப் பிள்ளை.

நமக்கும் ஓர் உறவு உண்டு. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றிய அண்டிரிக் அடிகளார் இந்த ஊரில் பிறந்தவர். 1600-இல் நம் புன்னைக்காயலில் காலமானார். அங்கே நின்றபோது இதை நினைத்துச் சிலிர்த்தது உண்மை.

அந்த ஊரில் பளிங்கு பணக்காரச் சாமான் இல்லீங்க. வாசற்படி, ஜன்னல் சட்டம், நடைபாதை ஓரம் எல்லாம் அதுதான். வைரமணி கோத்த கம்பியைத் தண்ணீர் விட்டு ஓட்டி, வெண்ணெய் மாதிரி அறுக்கிறார்கள். தரையிலிருந்து நேர் கீழே, கிணறு போல இறங்குகிறார்கள். நூறு மீட்டரைத் தாண்டிய குழிகளும் உண்டு. எட்டிப் பார்த்தால் கால் கூசும்.

பக்கத்து ஊர் போர்பா. இரண்டையும் இணைத்த பழைய சாலையின் இரு பக்கமும் குவாரிகள் இறங்கிக்கொண்டே போக, சாலை ஒரு பாறைச் சுவரின் தலையில் நின்றது. நல்ல பளிங்கு செங்குத்தாக நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் பாறைக்குள் விரிசல் இருக்கும், விரிசலில் களிமண் இருக்கும், மழைநீர் புகுந்தால் அழுத்தம் ஏறும். இது நமக்கு மூன்றாம் ஆண்டுப் பாடம்.

ஆபத்து என்ற பேச்சு 2014-லேயே எழுந்தது. சாலையை மூடலாமா என்றும் பேசினார்கள். மூடவில்லை. 2018 நவம்பர் 19 அன்று சாலை அப்படியே குவாரிக்குள் சரிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். இருவர் குவாரித் தொழிலாளிகள், மூவர் வாகனத்தில் போனவர்கள். கீழே தேங்கிய தண்ணீரை இறைத்து எல்லோரையும் மீட்க ஒரு வாரத்துக்கும் மேலாயிற்று.

குழிக்கு முதலாளி இருந்தார், சாலைக்கு நகராட்சி இருந்தது. நடுவில் நின்ற பாறையை யார் கணக்குப் பார்ப்பது? என் கண்ணுக்கு அந்த இடத்தில்தான் கோளாறு. தொழிலையும் சும்மா பழிக்க மனம் வரவில்லை, அந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது அந்தக் கல்தான்.

குவாரிப் பகுதியின் படங்கள் சில கொண்டுவந்திருக்கிறேன். சிவில் மாணவர்கள் பார்த்துவிட்டு, முதல் அளவுக்கருவியை எங்கே பதிப்பீர்கள் என்று தேநீர் இடைவேளையில் வந்து சொல்லுங்கள்.