கொண்டுவந்தவர்கள் திரும்பி வந்து பார்க்கட்டும்

கோவையிலிருந்தும் மண்டபத்திலிருந்தும் பரமக்குடியிலிருந்தும் வந்திருக்கும் ஆய்வாளர்களே, வனத்துறை அலுவலர்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆயக்கட்டு விவசாயிகளே, கரிமூட்டம் போடும் அன்பர்களே!

வனவியல், சூழலியல், பயன்முறை அறிவியல் ஆகியவற்றில் அரசு செய்யும் ஆய்வுகளைப் பற்றிய கருத்தரங்கு ஆர்.எஸ்.மங்கலத்தில் நடக்கிறது என்றதும் ஒரு நண்பர் கேட்டார்: "அங்கே காடு எங்கே இருக்கிறது?" பேருந்தில் வந்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். சாலையின் இரு பக்கமும் நின்றது காடுதான். நாம் அதைக் காடு என்று சொல்வதில்லை, கருவை, அதாவது சீமைக் கருவேலம், என்கிறோம். யாரும் பெயர் சூட்டாமல், யாரும் வேலி போடாமல், இந்த மாவட்டத்தில் நீண்ட காலமாக இருந்துவரும் ஆய்வுக் களம் அது. ஆய்வைத் தொடங்கியவர்கள்தாம் திரும்பி வரவில்லை. என் தலைமையுரையின் பொருள் அவ்வளவே.

கதை 1877-இல் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தின் வடக்கு வட்ட வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் முயற்சி எடுக்க, ஜமைக்காவிலிருந்து கருவை விதை வந்தது. கடப்பைப் பகுதியில் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். விறகுக்கு மரம் வேண்டும், வறண்ட நிலத்தில் தழைக்க வேண்டும், ஆடுமாடு மேயாததாக இருக்க வேண்டும். இந்த மூன்று தேவைக்கும் அது பொருந்தியது. 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானம் அதை அரச மரியாதைக்குரிய மரமாகவே அறிவித்தது. பின்னர் நம் வறண்ட மாவட்டங்களிலும் அது பரவலாக விதைக்கப்பட்டது. விதைத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும் பூமி இது. அடுப்பெரிக்க முள்ளாவது கிடைத்ததே என்று நன்றி சொன்ன தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

இலையை ஆடு தொடாது என்பதை ஆய்வாளர் கவனித்தார். நெற்றை ஆடு விரும்பித் தின்னும் என்பதையும், வயிற்றுக்குள் போன விதை சாகாமல் புழுக்கையோடு வெளியே வந்து கண்மாய் உள்வாயில் முளைக்கும் என்பதையும் கவனிக்க அங்கே எந்த ஆய்வாளரும் நிற்கவில்லை. அப்படி நின்றவர் கிடை போடுகிற கீதாரி. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கருவையை அகற்றச் சொல்லி மாவட்டங்களுக்குக் கெடு வைத்தது. ஊர் ஊராகப் பொக்லைன் இறங்கியது. அதே ஆண்டில், போதிய அறிவியல் ஆய்வு இல்லாமல் அகற்றலாமா என்று எதிர்வழக்கு வந்தது. சென்னை அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1877-இல் வந்த மரம் நல்லதா கெட்டதா என்று 2017-இல் நீதிமன்றம் கேட்கிறது. இடையில் 140 ஆண்டுகள்.

அந்த இடைவெளியை வதந்தி நிரப்பியது. கருவை காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது, அது இருக்கும் இடத்தில் மழை பெய்யாது, அதன் நிழலில் கட்டிய மாடு சினைப்பிடிக்காது என்றெல்லாம் கைபேசிக்குக் கைபேசி தாவியது. இவற்றுக்குச் சான்று இல்லை. ஆனால் பாமரர் நம்பியதற்காகப் பாமரரை ஏசுவது நியாயமா? அளந்த எண்ணை நாம் தமிழில் ஊருக்குக் கொடுத்திருந்தால், அளக்காத கதைக்கு ஊரில் இடம் இருந்திருக்காது. வேர் ஆழமாக இறங்கும், தூரோடு பறிக்காமல் வெட்டினால் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும், தன் நிழலில் மற்ற செடிகளைத் தலையெடுக்க விடாது. இவை உண்மை. அது அவரைக் குடும்பம், மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது என்பதும் உண்மை. இந்த மாவட்டத்தின் கரிமூட்டக்காரர்கள் அதை நம்பித்தான் பிழைக்கிறார்கள் என்பதும் உண்மை. எல்லா உண்மைகளையும் ஒரே தராசில் வைப்பதற்குத்தான் ஆய்வு.

உலகத்திலும் இதே கதைதான். கென்யாவின் பரிங்கோ பகுதி மக்கள், இந்த மரத்தின் நெற்றைத் தின்று பல் கெட்ட ஆட்டை நீதிமன்றத்துக்கே கொண்டுபோய்க் காட்டினார்கள். அங்கே ஆடே சாட்சி சொன்னது.

நிலத்தில் நடந்தது நம் கடலிலும் நடந்தது. கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசியை ஆய்வுக்காக மண்டபத்தில் வளர்த்தார்கள். 2000-க்குப் பின் அது வணிகமானது. மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கக் கடலில் மூழ்கிய பெண்களுக்கு, மூங்கில் தெப்பத்தில் கட்டி வளர்க்கிற பாசி கூலியைக் கொடுத்தது. அந்தக் கூலி பொய்யல்ல. ஆனால் 2008-இல், குருசடைத் தீவின் பவளப் பாறை மேல் அதே பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். இம்முறை திரும்பிப் பார்க்க 140 ஆண்டுகள் ஆகவில்லை. அதுவே முன்னேற்றம். இருந்தாலும் பாறையைப் பாசி மூடிய பிறகுதான் பார்த்தோம். நம் பக்கத்து வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் முன்னால் இருக்கும் கடற்புல் பரப்பு இன்று எவ்வளவு என்று அளந்து வைத்துவிட்டோமா? இன்றைய அமர்வுகளுக்கு நான் வைக்கும் முதல் கேள்வி இது.

திரும்பிப் பார்த்த கதையும் நம்மிடம் உண்டு. சவுக்கைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாகக் கிழக்குக் கரையில் நட்ட மரம். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் அதன் புதிய ரகங்களை உருவாக்கி, உழவர் வயலில் நட்டு, வளர்ச்சியை ஆண்டுதோறும் அளந்து வருகிறது. ஏன்? காகித ஆலை சவுக்கை வாங்குகிறது. வாங்க ஆள் இருக்கும் மரத்தை ஆய்வும் மறப்பதில்லை. கருவையை வாங்க வருபவர் பெரும்பாலும் கரி வியாபாரிதான். அதனால்தான் அதைத் தேடி யாரும் வரவில்லை. சந்தை கூப்பிடாத இடத்துக்கும் போவதற்குத்தானே அரசு ஆய்வு என்ற ஒன்றை மக்கள் வரிப்பணத்தில் வைத்திருக்கிறோம்?

2022-இல் தமிழ்நாடு அரசு அயல்படர் தாவரங்களுக்கென ஒரு கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டில் தாவரவியலாளர்கள் கருவையின் பேரினப் பெயரை நெல்டுமா என்று மாற்றினார்கள். பெயரும் கொள்கையும் வந்துவிட்டன, வேலை மிச்சம் இருக்கிறது. மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, எந்த உயிரினத்தைக் கொண்டுவந்தாலும் ஐந்தாம், பத்தாம், இருபத்தைந்தாம் ஆண்டில் திரும்பி வந்து பார்க்கும் செலவை முதல் நாளே திட்டத்தில் ஒதுக்குங்கள். இரண்டு, கருவை அகற்றிய இடத்தில் அடுத்து என்ன முளைத்தது என்பதைக் கண்மாய்தோறும் ஒரு துண்டு நிலத்தில் எழுதி வையுங்கள். சித்திரங்குடியிலும் காஞ்சிரங்குளத்திலும் நாட்டுக் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. எதை வெட்டுவது, எதை விடுவது என்று பொக்லைன் ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று, அந்தக் குறிப்பேடு தமிழில், ஊராட்சி அலுவலகத்தில், கீதாரியும் மூட்டக்காரரும் எழுதும்படி இருக்கட்டும்.

இந்த ஊர்க் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நாரையே ஒரே மூச்சில் பறக்க முடியாத நீளம் என்று பெருமை. பாண்டியன் இராஜசிம்மன் பெயரை ஊர் இன்றும் சுமக்கிறது. கரையைக் கட்டிய பெருமை அரசனுக்குரியது. ஆனால் இந்தக் கண்மாயில் தண்ணீர் நின்றது நீர்பாய்ச்சியால். மடை கசிகிறதா, கலுங்கில் தண்ணீர் எந்த மட்டத்தில் போகிறது என்று மழைக்காலத்தில் தினம் நடந்து பார்த்தவர் அவர். அதற்காக ஊர் அவருக்கு நெல் அளந்தது.

நம் ஆய்வு நிறுவனங்களில் கரை கட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நீர்பாய்ச்சி வேலைக்கு ஆள் எடுக்க வேண்டும். மதிய அமர்வுக்குப் பின் எல்லோரும் கண்மாய்க் கரைக்குப் போகிறோம். ஏட்டையும் பேனாவையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கருத்தரங்கு தொடங்குகிறது.