மார்கழி முதல் பங்குனி வரை நடப்போம்



சென்னைக்கு வெயில் காலம் ஒன்றுதான் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. நம்மில் பலரும் அதை ஒப்புக்கொண்டுவிட்டோம். ஆனால் மார்கழி பிறந்ததிலிருந்து பங்குனி முடிகிற வரை, விடியுமுன் எழுந்து நடக்கிறவர்களுக்கு இந்த ஊரில் பருவங்கள் மாறுவது தெளிவாகத் தெரியும். அந்த நான்கு மாத நடையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மாதந்தோறும் ஒரு காரணத்தோடு வீட்டைவிட்டு வெளியே வருவது மயிலாப்பூருக்குப் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய பூம்பாவைப் பதிகத்திலேயே ஆதிரை நாளும் தைப்பூசமும் மாசிக் கடலாட்டும் பங்குனி உத்திரமும் வரிசையாக வந்துவிடுகின்றன. அந்த வரிசையிலேயே நாமும் நடக்கலாம்.

மார்கழியில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கிவிடும். விடியற்காலை வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளும் நடப்பதற்கென்றே அமைந்தவை. பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் மார்கழி பஜனையை முன்னின்று நடத்திய வீதிகள் இவை. இன்றும் பாடிக்கொண்டே வலம் வருகிறவர்களைப் பார்க்கலாம். நல்ல மழை பெய்த ஆண்டென்றால் தெப்பக்குளம் நிறைந்திருக்கும். அதன் படிக்கட்டில் சற்று உட்கார்ந்துவிட்டு நடையைத் தொடரலாம்.

தை பிறந்ததும் அடையாறு பக்கம் வாருங்கள். ஆற்றின் தென்கரையில் 1882-இல் குடியேறிய பிரம்மஞான சபையின் தோட்டம், ஏறத்தாழ 260 ஏக்கர் பரப்புள்ளது. உள்ளே இருக்கும் பெரிய ஆலமரத்துக்கு வயது 450 இருக்கும் என்பார்கள். 1989-இல் புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் விழுதுகள் ஊன்றி நின்றதால் ஆலமரம் பிழைத்துக்கொண்டது. பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள்.

இந்தத் தோட்டத்துக்கும் கிண்டி தேசியப் பூங்காவுக்கும் குளிர்காலத்தில் ஒரு விருந்தாளி வரும். ஆறுமணிக்குருவி. மைனாவைவிடச் சிறியது. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருகிறது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். மரத்தடியில் சருகைப் புரட்டிப் பூச்சி தேடுகிற பறவை அது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான கிண்டிக் காட்டை நாம் காப்பாற்றி வைத்திருப்பதால்தான், இவ்வளவு தூரம் வந்த பறவைக்கு இந்த மாநகரத்துக்குள் இறங்க ஓர் இடம் இருக்கிறது.

மாசி கடலுக்கு உரிய மாதம். மாசி மகத்தன்று சுவாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு எழுந்தருள்வதை நாம் அறிவோம். அதே கரைக்கு, தை, மாசி, பங்குனி இரவுகளில் வேறொரு வருகையும் உண்டு. ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமை. நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஏறத்தாழ நாற்பது கிலோ எடையுள்ள தாய் ஆமை, தான் பிறந்த கரைப்பகுதியைத் தேடி வந்து, மணலில் குழி பறித்து நூறு, நூற்றிருபது முட்டைகளை இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும்.

இந்த முட்டைகளைக் காப்பாற்ற சென்னையில் 1970-களிலேயே இரவு நடை தொடங்கிவிட்டது. பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் முதலில் நடந்தார்கள். 1988 முதல் மாணவர்களே கூடி ஏற்படுத்திய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு அதைத் தொடர்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், நள்ளிரவில் மணலில் நடக்கிறார்கள். ஆமை வந்துபோன தடத்தைப் பார்த்து, கூடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பக்குவமாக எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் மேலே வரும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகவும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகமாகவும் பிறக்கும்.

முட்டைகளை ஏன் இடம் மாற்ற வேண்டும்? நாய்கள் தோண்டிவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் விளக்குகள். குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சம் தெரிகிற திசையில்தான் ஓடும். இயற்கையில் நிலத்தைவிடக் கடல்பக்கம்தான் வெளிச்சமாக இருக்கும். இப்போதோ சாலைப்பக்கம்தான் பளிச்சென்று இருக்கிறது. அதை நம்பி ஊருக்குள் ஓடும் குஞ்சு, கடலைப் பார்க்காமலே செத்துப்போகிறது.

கடலுக்குள் இருக்கும் ஆபத்தும் பெரியது. ஆமை மூச்சு வாங்க நீருக்கு மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கிவிட்டால் மூச்சுத்திணறிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுப்புறக் கரைகளிலும் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதை, அந்த நாட்களில் கரையில் நடந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். வலையில் சிக்கிய ஆமை தப்பிப்பதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதைப் பொருத்துவதும், கரையோரக் கடலில் இழுவலைக்கு உள்ள தடையை உறுதியாகச் செயல்படுத்துவதும் அரசும் விசைப்படகு உரிமையாளர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

பங்குனியில் அண்ணாந்து பார்த்து நடக்க வேண்டும். நகரில் புங்கமரங்கள் இருக்கும் தெருவெல்லாம் புதுத்தளிர் மினுமினுக்கும். பின்னாலேயே அதன் இளஞ்சிவப்புப் பூ உதிர்ந்து நடைபாதையை மூடிவிடும். வேம்பும் பூக்கத் தொடங்கும். தியாகராய நகரில் பனகல் பூங்கா, நடேசன் பூங்கா என்று கடைவீதிக்கு நடுவிலும் மரநிழல் உண்டு. மயிலையில் அறுபத்துமூவர் விழாவன்று ஊரே வீதிக்கு வந்துவிடும். அன்றைக்கு நடக்கிற கூட்டத்தில் கால்வாசிப் பேர் வாரம் ஒருநாள் நடந்தாலும் நம் தெருக்களுக்குக் காவல் கிடைத்துவிடும். வெட்டப்படும் மரத்தையும் மூடப்படும் நீர்நிலையையும் முதலில் பார்ப்பவர் அந்த வழியாக நடப்பவர்தான்.

நேயர்களே, இந்தப் பருவத்தில் வாரம் ஒரு காலையை நடைக்கென்று ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆமை நடைக்கு வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்கிறார்கள்; ஒருமுறையாவது கலந்துகொள்ளுங்கள். கடலைப் பார்த்த வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இரவு படுக்கப்போகும்போது மாடி விளக்கையும் பால்கனி விளக்கையும் அணைத்துவிடுங்கள்.